பழைய பேஜ்மேக்கரும் உள்ளே பூட்டிக் கிடக்கும் தமிழும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய கணினியிலிருந்து ஃபைல்களைப் பத்திரப்படுத்துவது பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "பேஜ்மேக்கர் ஃபைல் வைத்திருப்பவர்கள் இனியும் தள்ளிப்போட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பேஜ்மேக்கர் என்பது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அச்சகத்துக்காரர்கள், டிடிபி ஆபரேட்டர்கள், சிறு பதிப்பாளர்கள், ஒரு பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுக்க அதற்கே.

கேள்வி: 24 வருடமாக பேஜ்மேக்கர் 7-ல்தான் வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், பிட் நோட்டீஸ் எல்லாம் அதில்தான் அடிக்கிறோம், நன்றாகத்தான் ஓடுகிறது. எதற்கு சார் மாற வேண்டும்? – அச்சக உரிமையாளர், கும்பகோணம்

நன்றாக ஓடுகிறது என்பதை மறுக்க மாட்டேன். நானும் 90-களின் கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன டிடிபி கடையில் பேஜ்மேக்கர் 6.5-ல் தொழில் கற்றவன்தான். அது எனக்குச் சோறு போட்ட மென்பொருள், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

அதன் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1985-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இருந்த ஆல்டஸ் என்ற நிறுவனம் மேகின்டாஷுக்காக இதை வெளியிட்டது. வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார்கள். அதைத் தொடங்கிய பால் பிரெய்னெர்ட்தான் 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், நாம் கடை போர்டில் எழுதும் 'டிடிபி' அங்கிருந்து வந்ததுதான். அதே 1985-ல் ஆப்பிளின் லேசர் பிரின்டரும் வந்தது. இரண்டும் சேர்ந்த பிறகு, ஈய எழுத்து கோத்தவர்கள் செய்த வேலையை ஒரு மேஜையில் ஒருவரே செய்ய முடிந்தது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999-ல் அடோபியே அதே வேலைக்கு இன்டிசைன் என்ற புது மென்பொருளைக் கொண்டுவந்தது, 2001-ல் பேஜ்மேக்கர் 7, அப்புறம் 2004-ல் இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதாவது நீங்கள் பயன்படுத்துவது, செய்தவர்களே கைவிட்டு 20 வருடத்துக்கு மேல் ஆன ஒன்று.

அது எழுதப்பட்டது விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துக்கு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் போர்டு போய், புதுக் கணினி வாங்கி, அதில் பேஜ்மேக்கரைப் போட்டால் ஓடினாலும் ஓடும், பிரின்ட் கொடுக்கும்போது நின்றாலும் நிற்கும். அவசர வேலை கையில் இருக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

இதைவிடப் பெரிய காரணம் வேறு. இன்றைய கணினிகளும் போன்களும் தமிழ் எழுத்தைச் சேமிக்கும் பொது முறைதான் யூனிகோட், பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. உங்கள் வாடிக்கையாளர் இன்று பத்திரிகை வாசகத்தை எப்படி அனுப்புகிறார்? வாட்ஸ்அப்பில், போனிலேயே தமிழில் டைப் செய்து அனுப்புகிறார். அதைக் காப்பி செய்து பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். அதனால் கடைகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா, வந்த மெசேஜைப் பிரின்ட் எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுசாக மறுபடி டைப் அடிக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒரு தடவை சரியாக அடித்ததை நாம் இரண்டாம் தடவை தப்பாக அடிக்கிறோம். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே ஒரு தாய்மாமன் பெயர் இப்படி மாறிப்போய், 600 பத்திரிகையைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. அனுப்பிய மெசேஜில் பெயர் சரியாகத்தான் இருந்தது.

இந்த ஒரு காரணத்துக்காகவே மாறுங்கள் என்பேன்.

கேள்வி: பேஜ்மேக்கர் ஃபைல்களை இன்டிசைனில் அப்படியே திறக்க முடியுமா? எங்கள் கடையில் புது இன்டிசைன் வாங்கினோம், ஒரு ஃபைல்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. – டிடிபி ஆபரேட்டர், மதுரை

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை, இப்போதைய இன்டிசைன் அதைத் திறக்காது. 2012-ல் வந்த சிஎஸ்6 வரைக்கும் இருந்த பதிப்புகள்தான் பேஜ்மேக்கர் 6, 6.5, 7 ஃபைல்களைத் திறக்கும். அதற்குப் பிறகு மாதச் சந்தாவுக்கு மாறிய பதிப்புகளில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள்.

அதனால் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது, உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது முறையாக வாங்கிய சிஎஸ்4, சிஎஸ்5 அல்லது சிஎஸ்6 பதிப்பு இருக்கிறதா என்பதுதான். பெரிய அச்சகங்களில், விளம்பரக் கம்பெனிகளில் ஒரு பழைய மெஷினில் இருக்கும். ஒரு நாள் அங்கே உட்கார்ந்து, ஃபைல்களை வரிசையாகத் திறந்து, ஐடிஎம்எல் வடிவத்தில் சேமித்துக்கொண்டு வந்துவிடலாம். ஐடிஎம்எல்லைப் புது இன்டிசைன் திறக்கும். திறக்கும்போது சில பக்கங்களில் எழுத்து இடம் மாறும், பார்டர் நகரும். பேஜ்மேக்கரிலேயே பிரின்ட் எடுத்த பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

அது கிடைக்காவிட்டால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. இலவசம். அதன் 'டிரா' பகுதி பேஜ்மேக்கர் ஃபைலை ஓரளவு திறந்து காட்டும். லேஅவுட் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் எழுத்தை வெளியே எடுக்கவும் உதவும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் மெஷின் உங்கள் கடையிலேயே இருக்கிறதே, அதிலிருந்தே எழுத்தை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கட்டுரைக்குள் கர்சரை வைத்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய், வேர்டிலும் திறக்கும் ஆர்டிஎஃப் வடிவத்தில் சேமியுங்கள். ஒவ்வொரு ஸ்டோரியையும், அதாவது தொடர்ந்து ஓடும் ஒவ்வொரு எழுத்துப் பகுதியையும், தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும், இதற்குப் பொறுமை வேண்டும். கூடவே ஃபைல் முழுவதையும் ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள், பின்னால் பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்க.

எந்த வழியில் போனாலும் அந்தக் கணினியில் இருக்கும் தமிழ் ஃபாண்ட் அத்தனையையும் முதலில் காப்பி எடுங்கள். ஃபாண்ட் இல்லாத பேஜ்மேக்கர் ஃபைல் திறந்தும் பயனில்லை, அது ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

கேள்வி: நாங்கள் சிறு பதிப்பகம். 1998 முதல் போட்ட 180 புத்தகங்கள் பேஜ்மேக்கரில் இருக்கின்றன. மறுபதிப்பு போடவும் மின்னூல் ஆக்கவும் ஆசை. எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்யத்தான் வேண்டுமா? – பதிப்பாளர், சென்னை

வேண்டாம். ஆனால் வேலை இருக்கிறது, அது என்ன வேலை என்று புரிந்துகொண்டால் பாதி முடிந்த மாதிரி.

உங்கள் புத்தகங்களில் திரையில் தமிழ் தெரிகிறதே தவிர, ஃபைலுக்குள் இருப்பது தமிழ் கிடையாது. அந்தக் கால ஃபாண்ட் எல்லாமே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று வர ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி அடிக்க வேண்டும். ஃபைலில் சேமிக்கப்படுவது அந்த ஐந்தும்தான். பாமினி ஃபாண்ட் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பை. அதுவும் ஒவ்வொரு ஃபாண்ட் கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி அடுக்கியது. ஸ்ரீலிபியில் ஓர் அடுக்கு, வானவில்லில் ஓர் அடுக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு பொது அடுக்குகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. அதற்குள் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் தனித்தனி அடுக்குகளில் ஏறிவிட்டிருந்தன.

யூனிகோடில் அப்படி இல்லை, 'த' என்றால் எந்த ஃபாண்டிலும் எந்தப் போனிலும் 'த'தான். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுவது. இன்டிசைனா வேறொன்றா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். எழுத்து யூனிகோடில் வந்துவிட்டால் இன்னும் 10 வருடத்தில் இன்டிசைனே போய்விட்டாலும் உங்கள் புத்தகங்களுக்கு ஆபத்தில்லை.

மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் பாமினி, டாம், டாப், ஸ்ரீலிபி, வானவில் போன்ற பல அடுக்குகளை மாற்றும், இணையத்திலேயே செய்ய பொங்குதமிழ் இருக்கிறது. எந்த ஃபாண்டில் அடித்தீர்கள் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒரே புத்தகத்தில் தலைப்பு ஒரு ஃபாண்டிலும் உடல் எழுத்து ஒரு ஃபாண்டிலும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இப்போது பிழைகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் அச்சுக்குப் போன மறுபதிப்புகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

பழைய ஃபாண்டில் நாம் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தோம். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். யூனிகோடில் முதலில் 'க', அதன் பிறகு 'ஒ'வின் குறி. கன்வர்ட்டர் இதை மாற்றி அடுக்கும், பெரும்பாலும் சரியாகவே அடுக்கும். சிக்கல் 'ஔ'காரத்தில்தான். 'கௌ' என்று வர நாம் கொம்பு, 'க', 'ள' என்று அடித்தோம், ஏனென்றால் அந்தக் குறிக்கும் 'ள'வுக்கும் ஒரே உருவம், ஒரே பொத்தான். கன்வர்ட்டருக்கு எது குறி, எது 'ள' என்று தெரியாது. அது குறி என்று நினைத்தால் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகும், 'தெளிவு' 'தௌிவு' ஆகும், 'வெள்ளி' 'வௌ்ளி' ஆகும். 'ள' என்று நினைத்தால் 'கௌரவம்' 'கெளரவம்' ஆகும், 'மௌனம்' 'மெளனம்' ஆகும், ஔவையார்கூட 'ஒளவையார்' ஆகிவிடுவார். இரண்டாவது வகை கண்ணுக்கு அப்படியே சரியாகத் தெரியும், அதுதான் பயம். மின்னூலில் ஒருவர் 'மௌனம்' என்று தேடினால் உங்கள் புத்தகத்தில் அந்தச் சொல்லே இல்லை என்று வரும்.

முதல் வகையைப் பிடிப்பது எளிது. தமிழில் ஔகாரக் குறிக்கு அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. இன்டிசைனில் 'ஃபைண்ட் சேஞ்ச்' பெட்டியில் கிரெப் என்று ஒரு தாவல் இருக்கிறது, அதில் 'ஔகாரக் குறி, அதை ஒட்டி வேறொரு குறி' என்று தேடச் சொன்னால் அத்தனையும் ஒரே நேரத்தில் சிக்கும். இரண்டாவது வகைக்குச் சொற்பட்டியல்தான் வழி: கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், கௌதமன், வௌவால், ஔவை. மொத்தச் சொற்களே கொஞ்சம்தான், ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகத்திலும் தேடுங்கள்.

அடுத்தது கோடு. பேஜ்மேக்கர் தமிழ்ச் சொல்லைத் தானாக உடைக்காது, அதனால் குறுகிய பத்தியில் நீளமான சொல் வந்தால் வரியில் பெரிய ஓட்டை விழும். நாம் என்ன செய்தோம்? வரி முடியும் இடத்தில் கையால் ஒரு சின்னக் கோடு போட்டுச் சொல்லை உடைத்தோம். 312 பக்கப் புத்தகம் ஒன்றில் அப்படி 4,000 இடத்துக்கு மேல் நானே போட்டிருக்கிறேன். அந்தப் புத்தகத்தை டெம்மி அளவிலிருந்து கிரௌன் அளவுக்கு மாற்றச் சொன்னார்கள். வரி எல்லாம் நகர்ந்தது, கோடு எல்லாம் வரிக்கு நடுவில் வந்து நின்றது. 'தொடர்ச்-சியாக', 'பதிப்-பாளர்' என்று. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எடுத்தோம். உங்கள் 180 புத்தகத்திலும் அந்தக் கோடுகள் இருக்கும். தமிழெழுத்து, கோடு, தமிழெழுத்து என்று இடைவெளி இல்லாமல் வருவதைத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள், ஒரேயடியாக நீக்கினால் 'தாய்-தந்தை', 'சென்னை-மதுரை' போன்ற வேண்டிய கோடுகளும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது, நடுவில் வரும் ஆங்கிலம். பாமினிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'டாக்டர்' என்பதன் சுருக்கம் வந்தால், அதையும் தமிழ் என்று நினைத்து கன்வர்ட்டர் 'னுச' என்று ஆக்கிவிடும். மின்னஞ்சல் முகவரி, நூற்பட்டியல், ஐஎஸ்பிஎன் எல்லாம் இப்படித்தான் சிதையும். மாற்றும் முன் ஆங்கிலப் பகுதிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு மெய்ப்பு கட்டாயம் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் கருவி செய்துவிடும் என்று நம்பி அச்சுக்கு அனுப்பாதீர்கள். 180-ஐயும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டாம், விற்றுத் தீர்ந்து வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஐந்து புத்தகத்தை முதலில் எடுங்கள். கவிதைத் தொகுப்பு இருந்தால் அதில் ஆரம்பிக்கலாம், எழுத்து குறைவு, பிழை சீக்கிரம் கண்ணில் படும்.

கேள்வி: ஐயா, என்ரை அப்பா அச்சகம் வைத்திருந்தவர். அவர் அடித்த நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் பேஜ்மேக்கரில், பாமினி பொன்ட்டில் கிடக்குது. இவற்றை வைத்திருந்து பிரயோசனம் உண்டோ? – வாசகர், யாழ்ப்பாணம்

கட்டாயம் உண்டு ஐயா. தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வரி: யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் அவரது வாழ்க்கைக் குறிப்பு, வம்ச விவரம், தேவாரங்கள், உறவினர் இரங்கல் எல்லாம் சேர்த்து அச்சிடும் நினைவு மலரைக் கல்வெட்டு என்பார்கள்.

ஓர் ஊரின் குடும்பங்களின் பெயர்கள், யார் யாருக்கு உறவு, எந்தப் பள்ளியில் படிப்பித்தார், எந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார் என்பதெல்லாம் பல இடங்களில் அந்தக் கல்வெட்டுகளில் மட்டும்தான் எழுத்தில் இருக்கிறது. போரிலும் இடம்பெயர்விலும் வீட்டுக் காகிதங்களை இழந்த குடும்பங்களுக்கு உங்கள் அப்பாவின் ஹார்ட் டிஸ்க் ஓர் ஆவணக் காப்பகம் மாதிரி.

நல்ல விஷயம், எல்லாம் பாமினி ஒன்றில் இருப்பதால் மாற்றுவது மேலே சொன்ன பதிப்பாளரின் வேலையைவிடச் சுலபம். ஆட்பெயர்களில் மட்டும் மிகுந்த கவனம் வையுங்கள். சௌந்தரராஜா, கௌரி, சௌந்தலா என்று ஔகாரம் அதிகம் வருவது பெயர்களில்தான், பெயர் பிழைத்தால் திருத்திக்கொடுக்க ஆளிருக்காது. அச்சான பிரதி ஒன்று கிடைத்தால் அதையும் ஸ்கேன் செய்து கூடவே வையுங்கள். வெளியில் பகிரும் முன் அந்தந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பலர் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.

கேள்வி: இன்டிசைனில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து போகிறது. ஃபாண்ட் தப்பா? – கல்லூரி மாணவர், கோவை

ஃபாண்ட் சரிதான், பத்தியைக் கோக்கும் இயந்திரம்தான் தப்பாக இருக்கிறது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மூலையில் இருக்கும் மெனுவைத் திறந்து, 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் செய்யாமல் இருக்க, பாராகிராஃப் ஸ்டைலிலேயே இதை வைத்து, மொழியையும் தமிழ் என்று குறித்துவிடுங்கள். சிஎஸ்6-லிருந்தே தமிழுக்குச் சொல் உடைக்கும் அகராதி கூடவே வருகிறது, கையால் கோடு போடும் பாவத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஃபாண்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் இலவசம், உரிமப் பிரச்சினை இல்லை. உடல் எழுத்துக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்கு கட்டமரன் என்று நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கு நன்றாக இருக்கிறது.

கேள்வி: சந்தா கட்டக் கட்டுப்படியாகாது. ஒரு நாளைக்கு நாலு பிட் நோட்டீஸ் அடிக்கும் கடை என்னுடையது. வேறு வழி? – டிடிபி கடைக்காரர், விருத்தாசலம்

நியாயமான கேள்வி. மாதா மாதம் பணம் கட்டாவிட்டால் நாமே செய்த ஃபைலை நாமே திறக்க முடியாது என்பது எனக்கும் உறுத்துகிற விஷயம்தான். இன்டிசைன் வைத்திருப்பவர்களும் முடித்த வேலையை ஐடிஎம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

உங்களுக்கு ஸ்க்ரைபஸ் போதும் என்று நினைக்கிறேன். திறந்த மூலம், இலவசம். பழைய 1.4-ல் தமிழ் உடைந்து வந்தது, அதைப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். 2024 ஜனவரியில் வந்த 1.6-ல் தமிழ் சரியாகக் கோத்து வருகிறது, அச்சுக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிடிஎஃப்பும் எடுக்கலாம். டேபிள் வேலைக்குச் சிரமப்படுவீர்கள், பெரிய புத்தகத்தில் மெதுவாகும். நோட்டீஸ், பத்திரிகை, பில் புக்குக்கு ஒரு குறையும் இல்லை.

அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளும் 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அது பல வருடம் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கவில்லை. இறக்கியதும் 'கொக்கு' என்று அடித்துப் பாருங்கள், கொம்பும் காலும் 'க'வை அணைத்து நின்றால் தொடருங்கள், இல்லாவிட்டால் உடனே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பள்ளி ஆண்டு மலரை மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் செய்கிறேன். அதுவும் நிற்கப்போகிறது என்கிறார்களே? – ஆசிரியை, நாமக்கல்

ஆமாம் டீச்சர், 2026 அக்டோபரோடு பப்ளிஷருக்கு ஆதரவு முடிகிறது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் பிறகு அந்த ஃபைல்களை அதில் திறக்கவே முடியாது. உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு ஆண்டு மலரையும் இப்போதே திறந்து பிடிஎஃப்பாகச் சேமியுங்கள், கட்டுரைகளை வேர்டில் காப்பி செய்து வையுங்கள். பப்ளிஷர் யூனிகோட் தெரிந்தது என்பதால் நீங்கள் லதா, நிர்மலா போன்ற ஃபாண்டில் அடித்திருந்தால் கன்வர்ட்டர் வேலையே கிடையாது. அடுத்த மலரை ஸ்க்ரைபஸில் முயன்று பாருங்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் உங்களுக்கே சொல்லிக் கொடுப்பார்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. பேஜ்மேக்கரில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வேன். இன்டிசைனைத் திறந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. கற்றுக்கொள்ள முடியுமா? – ஆபரேட்டர், சிவகாசி

முடியும் அண்ணே. உங்களுக்குத் தெரியாதது மென்பொருள் மட்டும்தான். பக்கம் எப்படி இருக்க வேண்டும், எந்த எழுத்து எந்த சைஸில் தெரியும், பிளேட்டில் எது தங்கும், எது அடைத்துப்போகும் என்பது இன்டிசைன் கற்றுவரும் பையனுக்குத் தெரியாது. அதற்கு 20 வருடம் ஆகும், உங்களிடம் அது இருக்கிறது.

கை தடுமாறும் இடங்களைச் சொல்கிறேன். பேஜ்மேக்கரில் எங்கே வேண்டுமானாலும் கிளிக் செய்து டைப் அடிக்கலாம், இங்கே முதலில் ஒரு ஃப்ரேம் இழுக்க வேண்டும். அங்கே மிச்ச எழுத்து இருந்தால் கீழே சிவப்பு முக்கோணம் காட்டும், இங்கே ஃப்ரேமின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி, அதைக் கிளிக் செய்து அடுத்த ஃப்ரேமில் ஊற்ற வேண்டியதுதான். படம் வைக்க அதே கன்ட்ரோல் டி. கன்ட்ரோல் இ அழுத்தினால் ஸ்டோரி எடிட்டர் வரும் என்று உங்கள் விரல் நினைக்கும், இங்கே பிடிஎஃப் எக்ஸ்போர்ட் வரும். ஸ்டோரி எடிட்டருக்கு கன்ட்ரோல் ஒய். 2004-ல் பேஜ்மேக்கர்காரர்களுக்காகவே இன்டிசைனின் தனிப் பதிப்பு ஒன்றை அடோபி விட்டது, பேஜ்மேக்கர் ஷார்ட்கட்களும் சேர்ந்து வந்தன. உங்கள் பதிப்பிலும் கீபோர்டு ஷார்ட்கட் பட்டியலில் பேஜ்மேக்கர் 7 என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கிடைப்பதும் இருக்கிறது. பேஜ்மேக்கரில் ஒரே ஒரு தடவைதான் அன்டூ, அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்துகொண்டே இருந்தோம். இங்கே எத்தனை படி வேண்டுமானாலும் பின்னால் போகலாம். டேபிளுக்குத் தனி மென்பொருளைத் திறக்க வேண்டாம், பிடிஎஃப்புக்கு டிஸ்டிலர் என்ற இன்னொரு மென்பொருள் வழியாகச் சுற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நாள்காட்டி சீசனில் மாறாதீர்கள். வேலை குறைந்த மாதத்தில், ஏற்கெனவே அடித்துக்கொடுத்த பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து அதை அப்படியே இன்டிசைனில் திரும்பச் செய்து பாருங்கள். முதல் நாள் மூன்று மணி நேரம் ஆகும், நாலாவது பத்திரிகை வரும்போது கை பழகியிருக்கும்.

கேள்வி: கடையில் பழைய பென்டியம் மெஷின் ஒன்று மூலையில் கிடக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருச்சி

பொறுங்கள். முதலில் அது ஆன் ஆகிறதா பாருங்கள். ஆன் ஆகிவிட்டால் ஒரு பென் டிரைவைச் செருகி, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்யுங்கள், அப்புறம் பேஜ்மேக்கர் ஃபைல்கள், அவற்றில் வைத்த படங்கள். பென் டிரைவை அது எடுத்துக்கொள்ளாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள், பழைய ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும் கேபிள் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும். அலமாரியில் 2000-த்துச் சொச்சத்தில் எழுதிய சிடிக்கள் இருந்தால் அவற்றையும் இந்த வாரமே போட்டுப் பாருங்கள், பாதி படிக்காது, படிக்கிற பாதியையாவது எடுத்துவிடலாம். இதெல்லாம் இரண்டு இடத்தில் பத்திரமாகச் சேர்ந்து, வேறொரு கணினியில் ஒரு ஃபைலாவது தமிழாகத் திறந்ததை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு எடைக்காரரைக் கூப்பிடுங்கள்.